எங்கள் ஊர் அங்கன்வாடி: சோற்றுக்கு நல்ல மதிப்பெண், தராசுக்குக் குறைவு

கட்டணம் வாங்காத சேவைக்கு யாரும் மதிப்புரை எழுதுவதில்லை. தனியார் மழலையர் பள்ளியின் வேன் எத்தனை மணிக்கு வரும், வகுப்பறையில் ஏசி உண்டா, ஆண்டு விழாவை எந்த மண்டபத்தில் நடத்துகிறார்கள் என்பதையெல்லாம் அலசிப் பலர் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். தெருமுனையில் இருக்கும் அங்கன்வாடியைப் பற்றித் தேடினாலோ பணியிட அறிவிப்பும் போராட்டச் செய்தியும்தான் கிடைக்கின்றன. பிள்ளையை அங்கே சேர்க்கலாமா, சேர்த்தால் எதை நம்பியிருக்கலாம், எதை நாமே கேட்டு வாங்க வேண்டும் என்று அறிய விரும்பும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

மதுரை மாவட்டத்தின் வடபகுதியில் ஒரு கிராமத்தில் வசிக்கும் எங்கள் குடும்பம் இந்தச் சேவையின் இரண்டு பகுதிகளையும் பயன்படுத்துகிறது. நான்கு வயது மகள் நாள்தோறும் மையத்துக்குப் போய் வருகிறாள்; ஒன்றேகால் வயது மகனுக்குச் சத்துமாவும் மாத எடைப் பதிவும் அதே மையத்திலிருந்து கிடைக்கின்றன. மையம் ஒன்று, டீச்சர் ஒருவர், ஆயா ஒருவர். ஆனாலும் மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கிடைக்கும் சேவையும், மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கிடைக்கும் சேவையும் தரத்தில் ஒன்றல்ல. முன்னது நன்றாக நடக்கிறது. பின்னது பெயரளவில் நடக்கிறது. ஊட்டச்சத்துக் குறைவு ஒரு பிள்ளையின் வளர்ச்சியை முடக்குவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில்தான் என்பதால் இந்த வேறுபாட்டைச் சிறிய குறை என்று ஒதுக்கிவிட முடியாது.

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று இந்தியாவில் 33 வட்டாரங்களில் மட்டும் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் இப்போது 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. ஊட்டச்சத்து உணவு, முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கான ஊட்டச்சத்து மற்றும் நலக்கல்வி, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைத்தல் என ஆறு சேவைகளை இத்திட்டம் வாக்களிக்கிறது. ஆறையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடப் போவதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவற்றையே சொல்கிறேன்.

முதலில் சோறு. எங்கள் மையத்தின் சமையலறை இரண்டு பேர் சேர்ந்து நின்றால் முழங்கை இடிக்கும் அளவுதான், ஆனால் சுத்தமாக இருக்கிறது. ஆயா அரிசியை மூன்று தண்ணீரில் களைந்து உலை வைத்த பிறகு, முட்டைகளைத் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் ஒவ்வொன்றாக இறக்குகிறார். மிதப்பவற்றைத் தனியே எடுத்து ஒதுக்கிவிட்டு, மூழ்கியவற்றையே வேகவைக்கிறார். வெந்த முட்டையை உரித்து, நான்காகக் கீறி, மஞ்சள் கருவைச் சாதத்தோடு சற்றே பிசைந்து வைக்கிறார். முழு முட்டையாகக் கொடுத்தால் சின்னப் பிள்ளைகள் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளைத் தட்டோரம் தள்ளிவிடுகின்றன என்பது அவர் கண்டறிந்த உண்மை. எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இது இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். வாரத்தில் மூன்று நாள் முட்டை, மற்ற நாள்களில் பயறோ கொண்டைக்கடலையோ உருளைக்கிழங்கோ உண்டு. தக்காளி சாதம், எலுமிச்சை சாதம், பருப்பு சாதம் என்று நாளுக்கொரு வகை மாறுகிறது. வீட்டில் கீரையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என் மகள் அங்கே வரிசையில் உட்கார்ந்து கீரைச் சாதத்தை வழித்துச் சாப்பிடுகிறாள். பக்கத்திலிருக்கும் பிள்ளை சாப்பிடுகிறதே என்ற போட்டிதான் காரணம். அந்தப் போட்டியை எந்த வீட்டிலும் உண்டாக்க முடியாது.

குறையும் உண்டு. மாதக் கடைசியில் குழம்பில் காய் அருகிவிடுகிறது. பருப்பு சில நாள்களில் நீர்த்திருக்கும். இதற்கு ஆயாவையோ டீச்சரையோ குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய் என்பது மத்திய அரசு 2017இல் நிர்ணயித்த அளவு. அதற்குப் பிறகு காய்கறியும் எண்ணெயும் எந்த விலைக்குப் போயின என்பது சந்தைக்குப் போகும் யாருக்கும் தெரியும். இந்தத் தொகை உயர்த்தப்படும் என்று 2025ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்ட உரையில் அறிவிக்கப்பட்டது. எங்கள் மையத்தின் குழம்பில் அதன் அடையாளத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

இவ்வளவு குறைந்த பணத்தில் இவ்வளவு ஒழுங்காகச் சோறு போடுவது தமிழ்நாட்டுக்குக் கைவந்த கலை என்றுதான் சொல்ல வேண்டும். 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளோடு நிற்கவில்லை. இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. அதன்பின் வந்த எந்த ஆட்சியும் அதைக் கைவிடத் துணியவில்லை, கூட்டத்தான் செய்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு அடுப்பு எரியவில்லை என்றால் ஒரு மணிக்குள் ஊர் கேள்வி கேட்கும். கண்ணுக்குத் தெரியும் சேவைக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு.

முன்பருவக் கல்வியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாட்டு, கதை, வண்ணம், எண்ணிக்கை என்று ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது; பிள்ளை மகிழ்ச்சியாகப் போகிறாள், பாட்டோடு திரும்பி வருகிறாள், எனக்கு அது போதும். ஆங்கில எழுத்து சொல்லித்தரவில்லை என்று நான்கு வயதானதும் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்த் தனியார் பள்ளியில் சேர்ப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இதை உணர்ந்துதான் அரசு 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளைத் தொடங்கியது. எங்கள் மையம் அந்தப் பட்டியலில் இல்லை.

இனி தராசுக்கு வருகிறேன். மாதம் ஒரு முறை எடை போடுகிறார்கள். கைக்குழந்தைகளுக்குக் கொக்கியில் தொங்கும் தராசு; கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்த துணிப்பையில் குழந்தையை உட்காரவைத்துத் தூக்கிவிட வேண்டும். முறையாகச் செய்வதென்றால் வெறும் பையை மாட்டி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், குழந்தையின் கனத்த உடைகளைக் கழற்ற வேண்டும், அது கை கால் உதைத்து ஓயும்வரை காத்திருந்து முள் நின்ற பிறகு கண்மட்டத்தில் பார்த்துக் குறிக்க வேண்டும். எங்கள் டீச்சருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். கூட்டம் இல்லாத நாளில் அப்படியே செய்கிறார். இருபது தாய்மார்கள் இடுப்பில் பிள்ளையோடு வாசலில் நிற்கும் நாளில், ஆடுகிற முள்ளைப் பார்த்து உத்தேசமாக ஓர் எண்ணை எழுதிக்கொள்கிறார். நூறு கிராம், இருநூறு கிராம் வேறுபாட்டில்தான் ஒரு குழந்தை வளர்கிறதா நிற்கிறதா என்பதே தெரியவரும் என்னும்போது, இந்த உத்தேசம் சிறிய விஷயமல்ல.

எங்கள் மகன் ஒன்பதாம் மாதத்தில் 8 கிலோ 100 கிராம் இருந்தான். நடுவில் இரண்டு முறை வயிற்றுப்போக்கு வந்து போனது. பன்னிரண்டாம் மாதத்திலும் அதே 8 கிலோ 100 கிராம். மூன்று மாதமாக ஒரு கிராமும் ஏறவில்லை. ஆனாலும் டீச்சரின் கைப்பேசிச் செயலி அவனை இயல்பான எடை என்றே காட்டியது. ஒரு வயது ஆண் குழந்தைக்கு எடைக்குறைவு என்று சொல்லும் எல்லைக்கோடு உலகச் சுகாதார நிறுவன அட்டவணைப்படி 7 கிலோ 700 கிராம் அளவில் இருக்கிறது. அவன் அதற்கு மேலே இருந்ததால் செயலிக்கு அவன் நல்ல பிள்ளை. தாய் சேய் நல அட்டையில் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் கோடு படுத்துக்கிடப்பது எங்களுக்கே தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினோம். துத்தநாக மாத்திரையும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் எப்போது, எப்படிக் கொடுப்பது என்று சொல்லித்தந்தார்கள், நாளுக்கு ஒரு வேளை உணவைக் கூட்டச் சொன்னார்கள். இப்போது ஏறிவருகிறான். அட்டையில் கோடு போடும் பழக்கம் இல்லாத வீட்டில் என்ன நடந்திருக்கும்? பிள்ளை எல்லைக்கோட்டுக்குக் கீழே விழும்வரை யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதில் எனக்கு ஆதங்கம் கூடுவதற்குக் காரணம், இதைச் சரியாகச் செய்யும் வழியை இந்த மாவட்டம்தான் முதலில் பார்த்தது. உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் வெள்ளோட்டமாகத் தொடங்கிப் பின்னர் மற்ற மாவட்டங்களுக்கு விரிந்தது. அதன் இலக்கு ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகள். மாதந்தோறும் எடை, எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும், அது நிற்கத் தொடங்கிய உடனேயே, 90 நாள் சத்துருண்டை. ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள், ஏறவில்லை என்றால் நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க அனுப்புவார்கள். உருண்டையைப் பல ஊர்களில் அந்தந்த ஊர்ப் பெண்கள் குழுக்களே பிடித்துக் கொடுத்தன. பிள்ளை மெலிந்து எல்லைக்கோட்டுக்குக் கீழே விழும்வரை அந்தத் திட்டம் காத்திருக்கவில்லை. இரண்டு மூன்று மாத எடைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்து, வளர்ச்சி நின்ற இடத்திலேயே பிடித்தது. பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்ற நெருக்கமான கண்காணிப்பு இருந்தது. அவர் கணக்குப் பார்ப்பதோடு நில்லாமல் கூட நின்று எடை போடக் கற்றுக்கொடுத்தார். திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்ததாக உலக வங்கியின் மதிப்பீடுகள் கணித்தன.

இரண்டாம் கட்டம் 1997இல் முடிந்தது. வெளிப்பணம் நின்றதும் கதவை மூடிவிட்டுப் போகும் திட்டங்களை உலகின் ஏழை நாடுகள் பலவற்றில் காணலாம். தமிழ்நாட்டில் அப்படி நடக்கவில்லை. மையங்களும் பணியாளர்களும் பொதுவான குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். மாநில அரசு தன் பங்கை ஏற்றது, மையங்கள் நிலைத்தன. இந்த அளவில் இது பாராட்டப்பட வேண்டிய செய்தி. ஆனால் நிலைத்தது எது என்று பார்த்தால் கட்டடமும் சோறும் பணியிடமும் நிலைத்தன. எடை நின்ற பிள்ளையை அந்த மாதமே தேடிப் போகும் பழக்கம்தான் தேய்ந்துபோனது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு நோட்டும் பென்சிலும் வைத்துச் செய்ததை இன்றைக்குக் கைப்பேசி வைத்துக்கொண்டு செய்யாமல் இருக்கிறோம்.

மாநில அளவிலான எண்களும் இந்தக் கலவையான கதையைத்தான் சொல்கின்றன. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் தமிழ்நாட்டில் 2005-06இல் 30.9 விழுக்காடு; 2019-21இல் 25 விழுக்காடு. மெலிந்த குழந்தைகள் அதே காலத்தில் 22.2இலிருந்து 14.6 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏறக்குறைய நாற்பதாண்டுக் காலம் சோறு போட்ட மாநிலத்தில் நான்கு பிள்ளைகளில் ஒன்று இன்னும் குட்டையாக இருக்கிறது என்றால், அந்தப் பிள்ளை மையத்து வாசலை மிதிக்கும் முன்பே, அதாவது வீட்டில் இருந்த காலத்திலேயே பின்தங்கிவிட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். குழந்தைகளிடையே ரத்தசோகை இன்னும் மோசம்: 2015-16இல் 50.7 விழுக்காடாக இருந்தது 2019-21இல் 57.4 ஆக ஏறிவிட்டது.

வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அங்கன்வாடி தரும் முக்கியப் பொருள் சத்துமாவு. கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் சேர்த்து அரைத்து, வைட்டமின்களும் தாதுக்களும் கலந்து, மகளிர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத் தயாரிக்கப்படுகிறது. பொருளாக மதிப்பிட்டால் நல்ல பொருள். கடையில் டப்பாவில் விற்கும் பல குழந்தை உணவுகளை விட நான் இதை நம்புவேன். வறுத்த மாவின் மணம் நன்றாக இருக்கும், வெந்நீர் விட்டுப் பிசைந்தால் இரண்டு நிமிடத்தில் உருண்டை தயார். குறை என்னவென்றால் எப்போதும் ஒரே இனிப்பு. மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் பிள்ளை துப்பிவிடுகிறது. எங்கள் வீட்டில் அதைத் தோசை மாவில் ஒரு கரண்டி கலந்தும், தேங்காய்ப்பூ சேர்த்துப் புட்டாகவும், இலை அடையாகவும் செய்கிறோம். செய்யத் தெரியாத வீடுகளில் மாவு பெரியவர்களின் கஞ்சியாகிறது, சில வீடுகளில் ஆட்டுக்குட்டிக்குப் போகிறது. ஆட்டுக்குட்டி கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்து மாவின் தரத்தை அறிந்துகொள்ளலாம் என்று எங்கள் ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். குறை மாவில் இல்லை. மாவு யாருக்கு, எப்படி, எத்தனை வேளை என்று சொல்லித்தர வேண்டிய வீட்டுச் சந்திப்பு நடப்பதில்லை என்பதில் இருக்கிறது.

யாரிடம் சொல்லித்தருவது என்பதும் முக்கியம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தாய்மார்கள் விடியற்காலையில் பஞ்சாலை வேனில் ஏறிவிடுகிறார்கள், மற்றவர்கள் வயல் வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிறார்கள். பகலில் பிள்ளைக்கு ஊட்டுவது அப்பத்தாவோ அம்மாச்சியோதான். மாதக் கூட்டத்துக்கு அழைப்பு வருவது தாய்க்கு. வருகைப் பதிவும் தாயின் பெயருக்கு. "ஒரு வயசுப் பிள்ளைக்கு முட்டை குடுத்தா மாந்தம் வரும் த்தா" என்று சொல்லும் பெரியவரிடம் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. வங்கதேசத்தில் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். தமிழ்நாட்டு ஊட்டச்சத்துத் திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு அங்கே 1995இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். இங்கே கண்ட பலன் அங்கே கிடைக்கவில்லை. பின்னர் ஆராய்ந்தபோது, அந்த நாட்டுக் கிராமங்களில் கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவது ஆண்கள், சமையலறையில் யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது மாமியார், ஆலோசனை சொல்லப்பட்டதோ இளம் தாய்க்கு மட்டும் என்பது தெரியவந்தது. அந்த நிலை இன்று வேறு காரணத்தால் எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. அப்பத்தாக்களைத் திண்ணையிலேயே கூட்டி வைத்து ஒரு மணி நேரம் பேசினால் போதும். கட்டடம் கூடத் தேவையில்லை.

தடுப்பூசியில் எனக்குப் புகார் இல்லை. புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பது ஊரில் சந்தை நாளைப் போலப் பதிந்துவிட்டது. கிராம சுகாதார செவிலியர் வருகிறார், டீச்சர் முதல்நாளே வீடு வீடாகச் சொல்லிவிடுகிறார். ஆனால் இந்த ஏற்பாடு எவ்வளவு எளிதில் குலையும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அந்தத் துயரத்துக்குப் பின் ஊருக்குள் போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டுமே தடுப்பூசி என்று மாற்றினார்கள். எச்சரிக்கை நியாயமானதுதான், ஆனால் கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் என்பது ஒரு நாள் கூலி. முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06இல் 80.9 விழுக்காடாக இருந்தது 2015-16இல் 69.7 ஆகச் சரிந்தது. இடமாற்றம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்குப் பங்கில்லை என்று சொல்வதற்கும் இல்லை. 2019-21 ஆய்வில் 89.2 விழுக்காட்டுக்கு மீண்டது.

டீச்சரின் ஒரு நாளைப் பார்த்தால் வீட்டுச் சந்திப்பு ஏன் நடப்பதில்லை என்பது விளங்கும். காலையில் வருகைப் பதிவு, பிள்ளைகள் படம், உணவு விவரம், இருப்புக் கணக்கு எல்லாம் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னலுக்காக அவர் கைப்பேசியோடு வேப்பமரத்தடியில் நிற்பதை நாள்தோறும் பார்க்கலாம். 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவுக்கு முகப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. முறைகேட்டைத் தடுக்கும் நோக்கம் புரிகிறது. நடைமுறையில், பஞ்சாலையிலிருந்து இருட்டிய பிறகு திரும்பும் தாயின் முகம் வேண்டும், ஆதாரில் இணைத்த எண்ணுக்கு ஓடிபி வர வேண்டும், அந்த எண் இருக்கும் கைப்பேசி திருப்பூரில் இருக்கும் கணவரிடம் இருக்கும். இரண்டு பொட்டலம் மாவு கொடுப்பதற்கு டீச்சர் செலவிடும் நேரத்தில் நான்கு வீடுகளுக்குப் போய் வந்துவிடலாம். போதாக்குறைக்கு, பணியிடம் காலியாக இருக்கும் பக்கத்து மையத்தின் கூடுதல் பொறுப்பும் சில மாதங்கள் அவரிடம் இருந்தது. அந்த மாதங்களில் எடைப் பதிவு எப்படி நடந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2025இல் 7,783 பணியிடங்களை நிரப்ப அரசு அறிவித்தது என்பதிலிருந்தே காலியிடங்கள் எவ்வளவு சேர்ந்திருந்தன என்று அறியலாம். மற்ற மாநிலங்களில் வீடு தேடிப் போகும் ஆஷா பணியாளர் இருக்கிறார். தமிழ்நாட்டில் அவர்கள் மலைப்பகுதி போன்ற சில இடங்களில் மட்டுமே உண்டு. ஆகவே கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போவது செவிலியர் வேலையா, டீச்சர் வேலையா என்ற இடைவெளியில் பிள்ளை விழுந்துவிடுகிறது.

ஊதியத்தையும் சொல்லியாக வேண்டும். மத்திய அரசு அங்கன்வாடிப் பணியாளரின் மதிப்பூதியத்தைக் கடைசியாக 2018இல் 4,500 ரூபாயாக உயர்த்தியது. தமிழ்நாட்டில் புதிதாகச் சேரும் பணியாளருக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், ஓராண்டுக்குப் பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம். ஆயாவாகச் சேர்பவருக்கு 4,100. பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் நிலையான ஏற்பாடு, ஆனாலும் மிகக் குறைவு. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்த பிறகும், பெயரளவில் தொண்டர்களாகவே கருதப்படுகிறார்கள். எங்கள் டீச்சர் இதே ஊர்க்காரர், பதினைந்து ஆண்டுக்கும் மேலாக இருக்கிறார், எந்த வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்பது மாமியாருக்கு அடுத்து அவருக்குத்தான் தெரியும். இந்தச் சேவையின் உண்மையான மூலதனம் அவருடைய இந்த அறிவுதான். அவரை ஒரு செயலியின் எழுத்தராக்கி வைத்திருப்பது வீண் செலவு என்பேன்.

கடும் ஊட்டச்சத்துக் குறைவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஏற்பாடு இருக்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். 2022 மே மாதம் உதகையில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் எல்லைக்கோட்டுக்குக் கீழே விழுந்த பிள்ளைகளுக்குச் சிறப்பு உணவும் மருத்துவப் பரிசோதனையும் கிடைக்கின்றன. 2024 நவம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டம், கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் தருகிறது. எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு இது உண்மையாகவே பயன்பட்டது. கோட்டுக்கு மேலே நின்றுபோன பிள்ளைக்குத்தான் ஒன்றும் இல்லை.

ஆகவே மதிப்பெண்: மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, உணவையும் பராமரிப்பையும் வைத்து, ஐந்துக்கு நான்கரை. தயங்காமல் சேருங்கள். தடுப்பூசிக்கு நான்கரை. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் சத்துமாவுக்கு. எடை நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, முடிந்தால் கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள். பை மாட்டிய பின் முள் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைச் செயலியில் ஏற்றியதோடு விடாமல் உங்கள் கையிலுள்ள அட்டையிலும் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் கோடு ஏறவில்லை என்றால், இயல்பான எடை என்று காட்டும் பச்சை நிறத்திலேயே பிள்ளை இருந்தாலும் செவிலியரிடம் காட்டுங்கள். மாவு பிடிக்கவில்லை என்றால் வாங்காமல் விட்டுவிடாதீர்கள், வேறு பலகாரமாகச் செய்யும் வழியை ஆயாவிடம் கேளுங்கள்.

மாதத்தில் ஒரு எடை நாளையாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்க வேண்டும், பிள்ளையைப் பகலில் வளர்க்கும் பெரியவர்களையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்று கேட்டு எங்கள் தெருவில் இருபதுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவைக் கிராம சபையில் கொடுத்தோம். தீர்மானம் நிறைவேறியது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தால் டீச்சருக்கும் ஆயாவுக்கும் அதற்கு ஈடாக வேறொரு நாள் விடுப்பு கிடைக்குமா என்பதற்கு வட்டார அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அந்தப் பதில் வரும்வரை அவர்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லும் எண்ணம் எங்களுக்கு இல்லை.